காத்திருப்பதற்குக் கூலி

கோஸ்டா ரிக்காவில் ஒருவர் தன் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக் காசு கொடுக்கும்போது, அதில் ஒரு சிறு பங்கு எங்கோ ஒரு மலைச்சரிவில் காடு வைத்திருக்கும் விவசாயிக்குப் போய்ச் சேருகிறது. எரிபொருள் வரி வருவாயில் 3.5 சதவீதத்தைத் தனியார் காடுகளுக்கென்று 2001ஆம் ஆண்டின் சட்டம் ஒதுக்கி வைத்திருக்கிறது. பணத்தை வாங்குகிற விவசாயி அதற்காகச் செய்ய வேண்டியது பெரும்பாலும் சும்மா இருப்பதுதான். வெட்டக் கூடாது, தீ வைக்கக் கூடாது, மாடு விடக் கூடாது, வேட்டைக்காரர்களை உள்ளே விடக் கூடாது.

தமிழ்நாட்டின் பரப்பில் பாதிகூடத் தேறாத நாடு அது. 1940களில் அதன் நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு காடாக இருந்தது. 1980களில் கால் பங்கு அளவுக்குத் தேய்ந்துவிட்டது என்று பரவலாகச் சொல்வார்கள். அளந்த முறைக்கு ஏற்ப எண் கொஞ்சம் கூடும், குறையும். இன்று மறுபடியும் பாதிக்கு மேல் காடு. அழிந்த வெப்பமண்டலக் காடு ஒரே தலைமுறைக்குள் இந்த அளவுக்குத் திரும்பிய நாடுகள் மிகக் குறைவு. 2021இல் அந்த நாட்டுக்கு ‘எர்த்ஷாட்’ பரிசு கிடைத்தபோது, ‘விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தார்கள், காடு வந்துவிட்டது’ என்று உலகம் கதையைச் சுருக்கிக்கொண்டது. நடந்தது அதைவிடச் சிக்கலானது. எனக்கு அதைவிட வியப்பாகவும் தெரிகிறது. ஏனென்றால் அந்தக் காட்டின் பெரும்பகுதியை யாரும் நடவில்லை.

முதலில் காடு ஏன் போனது என்று பார்க்க வேண்டும். அந்நாட்டு நிலச் சட்டத்தில் பல காலமாக ஒரு வழக்கம் இருந்தது. ஆளில்லாத நிலத்தில் குடியேறி அதை ‘மேம்படுத்தியவர்’ உரிமை கோரலாம். மேம்படுத்தியதற்குக் கண்கூடான சாட்சி, மரத்தை வெட்டிச் சாய்த்திருப்பது. பட்டா வைத்திருந்தவருக்கும் நிம்மதி கிடையாது. காட்டைக் காடாகவே விட்டால் ‘சும்மா கிடக்கிற நிலம்’ என்று யாராவது வந்து குடிசை போட்டுவிடுவார்கள். ஆகவே நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ளவே மரத்தை வெட்டினார்கள். அதன் மேல் அமெரிக்காவின் ஹாம்பர்கர் சந்தையும், மாடு வளர்க்கத் தாராளமாகக் கிடைத்த வங்கிக் கடனும் வந்து சேர்ந்தன. செங்குத்தான சரிவுகளில்கூட மேய்ச்சல் நிலம் ஏறியது.

அரசு விழித்துக்கொண்டு முதலில் எடுத்த வழி, நடவுக்குச் சலுகை. 1979 முதல் மரம் நட்டவர்களுக்கு வருமான வரியில் கழிவு கிடைத்தது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் உள்ளவருக்குத்தானே அது பயன்படும்? சிறு விவசாயி வெளியே நின்றார். 1986இல் அதைத் திருத்தி, மரம் நட்டவருக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதைப் பிறருக்கு விற்றுக் காசாக்கலாம். அப்போது என்ன மரங்கள் நட்டார்கள் தெரியுமா? தேக்கும் குமிழும். இரண்டும் நம் பக்கத்து மரங்கள். அங்கே ‘மெலினா’ என்று அழைக்கப்படும் குமிழ் வேகமாக வளரும், மரம் லேசாக இருக்கும். இன்று அந்நாட்டின் ஏற்றுமதிப் பழங்களை அடுக்கும் மரத்தட்டுகளில் கணிசமானவை குமிழில் செய்தவை. அது பயனுள்ள மரத்தோப்புதான். ஆனால் வரிசை வரிசையாக ஒரே வயதில் நிற்கும் குமிழைக் காடு என்று சொல்ல முடியாது.

1996இல் வந்த 7575ஆம் எண் வனச் சட்டம் இரண்டு காரியங்களை ஒன்றாகக் கட்டியது. காடாக இருக்கும் நிலத்தை வேறு எதற்கும் மாற்றக் கூடாது என்று தடை போட்டது. அந்தத் தடையின் சுமையைத் தாங்கும் நில உரிமையாளருக்குப் பணமும் ஏற்பாடு செய்தது. கடன் கொடுத்த உலக அமைப்புகள் ‘மானியம்’ என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளித்த காலம் அது. அதனால் பணத்துக்கு வேறு நியாயம் தேவைப்பட்டது. காடு நான்கு சேவைகள் செய்கிறது என்று சட்டம் வரையறுத்தது: கரியமில வாயுவை இழுத்து வைப்பது, தண்ணீரைக் காப்பது, உயிரினங்களுக்கு இடம் தருவது, கண்ணுக்கு அழகாக இருப்பது. சேவை செய்தால் கட்டணம் கொடுப்பதுதானே முறை? அந்தக் கட்டணத்தை வாங்கிக் கொடுக்க, ஃபோனாஃபிஃபோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய வன நிதியம் பொறுப்பேற்றது. அழகைச் சட்டத்தில் ஒரு சேவையாக எழுதி வைத்த அரசு எனக்குப் பிடித்திருக்கிறது.

நடைமுறை எளிது, ஆனால் கறாரானது. நிலத்துக்கு உரிமை ஆவணம் வேண்டும். வனவியல் படித்த பொறியாளர் ஒருவர் வந்து நிலத்தை அளந்து, திட்டம் எழுதித் தருவார். பிற்பாடு சொன்னபடி நடக்கிறதா என்று சான்றளிப்பவரும் அவரே. ஒப்பந்தம் பத்திரப் பதிவில் ஏறும். நிலம் கைமாறினாலும் கடமை நிலத்தோடு போகும். தனி ஆளாக இருந்தால் உச்சவரம்பு 300 ஹெக்டேர், பழங்குடி நிலப்பகுதிகளுக்கு அதைவிட அதிகம். காட்டைக் காப்பதற்குப் பல ஆண்டுகள் கொடுத்துவந்த தொகை, ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 64 டாலர். நடவுக்குத் தனியாக அதிகத் தொகை உண்டு. காபித் தோட்டத்திலும் மேய்ச்சல் நிலத்திலும் மரம் வைப்பவர்களுக்கு 2003 முதல் மரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு. 1997இலிருந்து இதுவரை எல்லா வகை ஒப்பந்தங்களையும் கூட்டினால் பத்து லட்சம் ஹெக்டேரைத் தாண்டும்.

சும்மா விட்டால் நிலம் எப்படிக் காடாகிறது? இதில்தான் என் மனம் அதிக நேரம் நிற்கிறது.

வடமேற்கே குவானகாஸ்தே மாகாணத்துக்குப் போவோம். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழையே இல்லாத பகுதி. மாட்டுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ‘ஹராகுவா’ என்ற புல் அங்கே ஆளுயரம் வளரும். கோடையில் அது சருகாகி நிற்கும்போது ஒரு பொறி போதும். தீ மரக்கன்றுகளைத் தின்றுவிடும். புல்லோ முதல் மழைக்கே அடியிலிருந்து துளிர்க்கும். இப்படி ஆண்டுதோறும் தீ வந்துபோகும் நிலத்தில் நூறு வருடம் காத்திருந்தாலும் காடு வராது. உயிரியலாளர் டேனியல் ஜான்ஸனும் அவர் துணைவி வின்னி ஹால்வாக்ஸும் 1980களில் அங்கே தொடங்கிய வேலையின் மையம் தீயை நிறுத்துவதுதான். உள்ளூர்க்காரர்களையே தீயணைப்புக்கு அமர்த்தினார்கள். சில இடங்களில் மாடுகளை வேண்டுமென்றே சில காலம் மேயவிட்டுப் புல்லைத் தாழ வைத்தார்கள். தீ நின்றதும் கோடைக்காற்று இறக்கை வைத்த விதைகளைக் கொண்டுவந்து போட்டது. அவை மரமாகி நிழல் விழுந்ததும் புல் தானாகப் பின்வாங்கியது. நிழலில் அந்தப் புல்லால் பிழைக்க முடியாது.

புல்லின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு அதே பகுதியில் ஒரு சம்பவம் உண்டு. அது தனியார் நிலத்தில் நடந்ததல்ல, அங்குள்ள தேசியப் பூங்காவுக்குச் சேர்ந்த பழைய மேய்ச்சல் நிலத்தில். 1990களின் பிற்பாதியில், பக்கத்தில் இருந்த பழச்சாறு ஆலையோடு ஓர் உடன்பாடு செய்து, சுமார் 12,000 டன் ஆரஞ்சுத் தோலை மூன்று ஹெக்டேரில் கொண்டுவந்து கொட்டினார்கள். போட்டி நிறுவனம் வழக்குப் போட்டதால் வேலை அத்தோடு நின்றது. அழுகிய தோல் புல்லை மூச்சுத் திணற வைத்துக் கொன்றது. மண்ணுக்கு உரமும் ஆனது. 16 ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் போய் அளந்தபோது, தோல் கொட்டாத பக்கத்தைவிடக் கொட்டிய பக்கத்தில் தரைக்கு மேலுள்ள தாவரப் பொருண்மை 176 சதவீதம் கூடுதலாக இருந்தது. இடத்தைக் காட்ட வைத்திருந்த பெயர்ப்பலகையைக் கொடிகள் மூடிவிட்டதால் அதைக் கண்டுபிடிப்பதே பாடாகிவிட்டது. அங்கேயும் ஒரு கன்றுகூட நடவில்லை.

காற்று தூக்கிவர முடியாத விதைகளுக்கு விலங்கு வேண்டும். அந்த மாகாணத்துக்கே பெயர் கொடுத்த குவானகாஸ்தே மரத்தின் காயைப் பாருங்கள். மனிதக் காது போலவே சுருண்டு, கரும்பழுப்பாகப் பளபளக்கும். உள்ளே ஆரஞ்சு வளையம் போட்ட பழுப்பு விதைகள், கல்லைப் போலக் கடினமானவை. தோலில் கீறல் விழாமல் எளிதில் முளைக்காது. இந்தக் காயை விழுங்கி விதையைச் சிதைக்காமல் வெளியேற்றும் அளவுக்குப் பெரிய விலங்கு இன்று அந்தக் காட்டில் அரிது. ஜான்ஸனும் பால் மார்ட்டினும் 1982இல் ஒரு விளக்கம் சொன்னார்கள். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே யானையின் உறவினங்களும் ராட்சத ஸ்லாத் விலங்குகளும் காட்டுக் குதிரைகளும் இருந்தன. இந்தக் காய் அவற்றுக்காக உருவானது. உண்ண வேண்டிய விருந்தாளிகள் அழிந்தார்கள், மரம் மட்டும் காய்த்துக்கொண்டே இருந்தது. பிறகு ஸ்பானியர்கள் குதிரையையும் மாட்டையும் கொண்டுவந்தார்கள். ஜான்ஸன் குதிரைகளுக்குக் காயைத் தின்னக் கொடுத்து, சாணத்தில் வெளிவந்த விதைகளை எண்ணிப் பார்த்திருக்கிறார். காட்டை அழித்த மாட்டுப் பண்ணையே, அளவோடு இருந்தால், சில மரங்களுக்கு விதைப்பவராகவும் ஆகிறது. நம் சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். அதன் பிசுபிசுப்பான காயை ஆடுமாடுகள் தேடித் தின்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

தெற்கே, மழை மிகுந்த மலைப்பகுதியில் கதை வேறு. அங்கே தீ பெரிய பகையாக இல்லை; விதை வந்து சேர்வதுதான் சிக்கல். காட்டுப் பறவைகள் வெட்டவெளியைக் கடக்கத் தயங்கும். உட்காரக் கிளை இல்லாத இடத்தில் அவை எச்சமிடுவதும் இல்லை. வௌவால்கள் பறந்தபடியே எச்சமிடுவதால் அத்தி போன்ற பொடி விதைகள் மட்டும் விழும். கேரன் ஹோல், ராகன் ஸஹாவி என்ற இரண்டு சூழலியலாளர்கள் 2004க்கும் 2006க்கும் இடையில் லாஸ் குருசெஸ் ஆய்வு நிலையத்தைச் சுற்றியுள்ள பழைய பண்ணை நிலங்களில் ஒரு சோதனை தொடங்கினார்கள். 50 மீட்டருக்கு 50 மீட்டர் துண்டுகள். ஒன்றை அப்படியே விட்டார்கள். ஒன்றில் முழுக்க மரம் நட்டார்கள். மூன்றாவதில் அங்கங்கே சின்னச் சின்னத் திட்டுகளாக மட்டும், மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, நட்டார்கள். நட்டவை நான்கே வகை. அதில் ஒன்று நம் கல்யாணமுருங்கையின் நெருங்கிய உறவு. அங்கே காபிக்கு நிழல் மரமாக வைப்பார்கள்.

திட்டுகளில் கிளை வந்ததும் பறவைகள் உட்கார்ந்தன. எச்சத்தோடு புதுப் புது விதைகள் விழுந்தன. திட்டுகள் ஓரங்களில் அகன்று ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டன. பத்தாண்டுகளுக்கு மேல் பார்த்தபோது, திட்டு வைத்த நிலம் பல அளவுகளில் முழுக்க நட்ட நிலத்தோடு சரிக்குச் சரியாக நின்றது. செலவோ மிகக் குறைவு. பெரிய விதை கொண்ட மரங்கள் மட்டும் எங்கேயும் சுணக்கமாகவே வந்தன. அவற்றைச் சுமந்துவரும் டூக்கான் பறவைகளும் அகூட்டி என்ற கொறிவிலங்கும் இளங்காட்டுக்குள் வரக் காலம் பிடிக்கும். மாநாட்டு மேடைகளில் கோடிக்கணக்கில் மரக்கன்று எண்ணும் பழக்கத்தை விட்டுவிட்டு, இந்தச் சோதனையை ஒருமுறை ஊன்றிப் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். எத்தனை கன்று நட்டோம் என்பதைவிட, நட்டது எத்தனை பறவைகளை வரவைத்தது என்பது பெரிய கேள்வி.

இதற்கெல்லாம் எவ்வளவு நாளாகும்? அமெரிக்கக் கண்டங்களின் வெப்பமண்டலப் பகுதிகள் முழுக்க வளரும் இளங்காடுகளை ஒப்பிட்டு ஆய்வாளர்கள் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். மண் பத்தாண்டுக்குள் தேறிவிடும். உருவமும் உயிரின எண்ணிக்கையும் திரும்ப 25 முதல் 60 ஆண்டுகள். மரங்களின் மொத்தப் பொருண்மை பழங்காட்டின் 90 சதவீதத்தை எட்ட, நடுவான கணக்கில், 66 ஆண்டுகள். எந்தெந்த மரங்கள் எந்த விகிதத்தில் என்ற கலவை திரும்ப நூறாண்டுக்கு மேல்.

இப்போது இன்னொரு கணக்கு. அதே தெற்குப் பகுதியில், பல பத்தாண்டுகளின் வான்படங்களை வைத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வந்தது. தானாக முளைத்த இளங்காடுகளில் பாதி, 20 ஆண்டுக்குள் மறுபடி வெட்டப்பட்டுவிட்டன. 54 ஆண்டுக்குள் 85 சதவீதம் போய்விட்டது. காடு திரும்புகிறது என்று படத்தில் பச்சையாகத் தெரிவது பல இடங்களில் வந்துபோகிற பச்சை. அதே நிலம் பத்துப் பதினைந்து வருடம் புதராக நின்று, விலை ஏறியதும் மேய்ச்சலுக்குத் திரும்பும்.

இதில் சட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. இரண்டு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பு, அதில் 70 சதவீதத்துக்கு மேல் கிளைநிழல், ஹெக்டேருக்கு 15 சென்டிமீட்டர் குறுக்களவு கொண்ட மரங்கள் 60க்கு மேல். இதை எட்டினால் சட்டத்தின் கண்ணில் அது காடு. பிறகு ஒருபோதும் மாற்ற முடியாது. தன் பழைய மேய்ச்சல் நிலத்தில் மரம் தலைதூக்குவதைப் பார்க்கும் விவசாயி என்ன நினைப்பார்? 15 சென்டிமீட்டரைத் தொடுமுன் வெட்டிவிட்டால் நிலம் தன் கையில் இருக்கும் என்றுதான் நினைப்பார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையின் படிப்புக்கு நாளை விற்க வேண்டியிருக்கும் நிலம் அது. இந்த இடத்தில்தான் பொதுப்பணத்துக்கு உண்மையான வேலை இருக்கிறது. விதையைப் பறவை போடுகிறது, வளர்ப்பதை மழை பார்த்துக்கொள்கிறது. அவற்றுக்குக் கூலி வேண்டாம். வருமானம் இல்லாத அந்த நடுக்காலத்தைக் கடந்துவர மனிதருக்குத்தான் கைத்தாங்கல் வேண்டும். இயற்கையாக முளைக்கும் காட்டுக்கென்றே ஒரு கட்டணப் பிரிவைப் பின்னாளில் சேர்த்தது, திட்டத்தில் நடந்த மிக நல்ல திருத்தம் என்பேன்.

ஆனால் பணம் போக வேண்டிய இடத்துக்குத்தான் போனதா? ஆரம்ப ஆண்டுகளை அலசிய பொருளாதார ஆய்வுகள் பலவும் ஒரே பக்கம் சாய்கின்றன: பணம் வாங்கிய நிலங்களுக்கும் வாங்காத நிலங்களுக்கும் காடழிப்பில் பெரிய வேறுபாடு இல்லை. மாட்டிறைச்சி விலை 1980களிலேயே சரிந்து, மலட்டுச் சரிவுகளில் பண்ணைகள் கைவிடப்பட்டு, திட்டம் வருமுன்பே காடு திரும்பத் தொடங்கியிருந்தது. 1996இன் தடையும் சேர்ந்துகொண்டது. விண்ணப்பித்தவர்களில் பலர், எப்படியும் வெட்டப் போவதில்லை என்ற நிலத்தை வைத்திருந்தவர்கள். ஆவணம் இல்லாத சிறு விவசாயிக்குக் கதவு நெடுநாள் திறக்கவில்லை. இந்த முடிவுகளை அந்நாட்டினர் மறைக்கவில்லை. அதன் பிறகு விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் முறை வந்தது. ஒரு காட்டையும் இன்னொரு காட்டையும் இணைக்கும் வழித்தடத்தில் இருந்தால், நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருந்தால், பழங்குடி நிலமாக இருந்தால், பின்தங்கிய வட்டாரமாக இருந்தால், 50 ஹெக்டேருக்குக் குறைவான பண்ணையாக இருந்தால், முன்னுரிமை.

குறிவைத்துக் கொடுத்தால் பலன் தெரியும் என்பதற்கு வடக்கே சான் ஹுவான் – லா செல்வா வழித்தடம் சாட்சி. பச்சைப் பெருங்கிளி அங்கே ‘அல்மெந்த்ரோ’ என்ற மரத்தை நம்பி வாழ்கிறது. அதன் பொந்தில் முட்டையிடும், அதன் கொட்டையைத் தின்னும். அந்த மரம் அவ்வளவு கடினம் என்பதால் பழைய ரம்பங்களுக்கு மசியவில்லை. காட்டை அழித்தவர்கள்கூட மேய்ச்சல் நடுவே அதைத் தனியே விட்டுவிட்டுப் போனார்கள். நவீனக் கருவிகள் வந்த பிறகு அதற்கும் ஆபத்து வந்தது. கிளியின் வாழிடத்தில் பெரும்பகுதி தனியார் கையில். அந்த வழித்தடத்தில் தடையும் கட்டணமும் சேர்ந்து, இயற்கைக் காடு வெட்டப்படும் வேகத்தைத் தெளிவாகக் குறைத்தன என்று கள ஆய்வு காட்டியது. 2008இல் நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் அல்மெந்த்ரோ வெட்டுவதற்கே தடை போட்டது.

இனி வரும் கவலை, பணத்தின் ஊற்று. காட்டுக்கான பெரும்பங்கு எரிபொருள் விற்பனையிலிருந்து வருகிறது. அந்த நாடோ மின்சாரத்தை ஏறக்குறைய முழுக்க அணை, காற்று, எரிமலை வெப்பம் இவற்றிலிருந்து எடுத்துக்கொண்டு, 2018 முதல் மின்வண்டிகளுக்குச் சலுகை கொடுத்துவருகிறது. பெட்ரோல் குறையக் குறைய விவசாயிக்குக் கிடைக்கும் தொகையும் ஆட்டம் காணும். இப்போதே விண்ணப்பங்கள் கையிருப்பைவிட மிக அதிகம்.

வழி ஒன்று ஏற்கெனவே சிறிய அளவில் நடைமுறையில் இருக்கிறது. 1997இலேயே சிறு நீர்மின் நிறுவனம் ஒன்று, தன் அணைக்கு மேலே காடு வைத்திருப்பவர்களுக்கு வன நிதியத்தின் வழியாகப் பணம் கொடுக்கத் தொடங்கியது. காடு இருந்தால் அணையில் வண்டல் குறையும் என்ற நேரடிக் கணக்கு. எரேதியா நகரத்தின் குடிநீர் நிறுவனம் 2000இல் தண்ணீர்க் கட்டணத்தில் காட்டுக்கென்று ஒரு சிறு தொகையைச் சேர்த்தது. சில ஆண்டுகளில் நாடு முழுக்க ஆற்றிலோ கிணற்றிலோ தண்ணீர் எடுக்கும் உரிமத்துக்கான கட்டணத்தில் கால் பங்கு தனியார் நிலத்துக் காடுகளுக்கு என்று அரசாணையே வந்தது. பெட்ரோலைவிட இது எனக்கு நேர்மையான ஊற்றாகப் படுகிறது. குழாயைத் திறப்பவருக்கும் மேலே சரிவில் காத்திருப்பவருக்கும் நடுவே ஓடுவது ஒரே ஓடை. அந்தக் கட்டணம் இன்னும் சிறியது. மொத்தத் தேவையில் அதன் பங்கு கொஞ்சம்தான். அதை எவ்வளவு உயர்த்தலாம், யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற விவாதம் அங்கே இன்னும் முடியவில்லை.